சி டிரைவுக்கு எவ்வளவு விடுவது?

ஹார்ட் டிஸ்க்கைப் பார்ட்டிஷன் பிரித்துத் தரச் சொல்லி வருபவரிடம் நான் முதலில் கேட்பது, "ஃபைல்களையெல்லாம் எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்பதுதான். பலரும் "டெஸ்க்டாப்பில்" என்பார்கள். டெஸ்க்டாப் இருப்பதே சி டிரைவில்தான். விண்டோஸ் கெட்டு சி-யை ஃபார்மேட் செய்தால் கல்யாண போட்டோக்களும் கடைக் கணக்கும் சேர்ந்தே போய்விடும். ஆகவே டி என்று ஒரு பகுதி பிரிப்பதோடு நிறுத்தாமல், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களையும் அங்கே மாற்றிக் கொடுப்பேன்.

இந்தப் பாகப்பிரிவினை எழுதப்பட்டிருக்கும் இடம் எவ்வளவு சிறியது என்பதில் எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை. 1983-இல் ஐபிஎம் பிசி எக்ஸ்டி காலத்தில் வந்த எம்பிஆர் முறையில், முதல் செக்டரின் 512 பைட்டில் 64 பைட்தான் அதற்கான அட்டவணை. ஒரு பகுதிக்கு 16 பைட், ஆக நான்கே வரிகள். எங்கே தொடங்குகிறது, எத்தனை செக்டர் நீளம் என்பதே அவற்றின் சாரம். அந்த எண்கள் 32 பிட் என்பதால் 2 டெராபைட்டோடு நின்றுவிடும். பின்னால் வந்த ஜிபிடி அந்த எல்லையை உடைத்தது. அட்டவணையின் நகலை டிஸ்க்கின் கடைசியிலும் வைக்கிறது. அந்த நகலுக்காகவே ஜிபிடி மேல் எனக்குத் தனிப் பிரியம்.

பார்ட்டிஷனை அழித்தால் அட்டவணையில் ஒரு வரி போகிறது, அவ்வளவுதான். பட்டாவில் பெயரை அடித்ததால் நிலம் காணாமல் போவதில்லை. அதன்மேல் வேறெதையும் எழுதாமல் கொண்டுவந்தால், டெஸ்ட்டிஸ்க் போன்ற மென்பொருளால் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

உண்மையான சிரமம் சி-க்கு இடம் போதாதபோதுதான். சி வளர வேண்டுமானால் வலப்பக்கம்தான் போக வேண்டும். அங்கே டி-யின் தொடக்கம் நிற்கிறது. ஒரு பகுதியின் முடிவை நகர்த்துவது பெரிய வேலையில்லை. தொடக்கத்தை நகர்த்தினால் உள்ளே இருக்கும் அத்தனையும் இடம்பெயர வேண்டும். நிறைந்த டிஸ்க் என்றால் மணிக்கணக்கில் ஓடும், நடுவில் கரண்ட் போனால் எல்லாம் குலைந்துவிடும். யுபிஎஸ் இல்லாமல் அந்த வேலையை நான் தொடுவதில்லை. அதனால்தான் 500 ஜிபி டிஸ்க்கில் சி-க்கு 150 ஜிபியாவது தாராளமாக விடுகிறேன். அப்டேட்டுகள் வரவர விண்டோஸ் பெருத்துக்கொண்டேதான் போகும்.

டி-யில் போட்டுவிட்டால் பத்திரம் என்று நம்புகிறவர்களுக்கு, இரண்டும் ஒரே டிஸ்க்தான், மோட்டார் நின்றால் இரண்டும் சேர்ந்தே போகும் என்று பொறுமையாக விளக்குவேன். வெளி டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்தாயிற்றா என்று பார்த்த பிறகுதான் பிரிக்கவே ஆரம்பிப்பேன்.