மேட் கறுப்பு வீலும் ஒரு டப்பா பாலிஷும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஒரு முறை போய் வந்தால் போதும், கார் பிறக்கும் ஊர்களைப் பார்த்துவிடலாம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் சான்ட்ரோவைத் தயாரிக்க ஆரம்பித்தது. ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை 2010-ல் வந்தது. அப்போலோ டயர் ஆலையும் அங்கேதான். எல்லாம் சரி, பிறந்த காரைக் குளிப்பாட்டுவது யார்? ரோட்டோர வாட்டர் வாஷ் ஷெட்டுகள்தான்!

அப்படி ஒரு ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரமே ஆன ஒரு பையன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள். வரிசையில் பதினைந்து வண்டி நிற்கிறது. அதில் ஒன்று மேட் கறுப்பு அலாய் வீல் போட்ட கார். முன் வீல் இரண்டிலும் ஆரஞ்சு நிறத்தில் புள்ளி புள்ளியாகக் கறை. "தம்பி, நாளைக்கு பூஜை போடணும். வீலு புதுசு மாதிரி இருக்கணும்" என்று சொல்லிவிட்டு ஓனர் டீ குடிக்கப் போய்விட்டார்.

பையன் ஷாம்பு போட்டான், போகவில்லை. பாத்ரூம் கழுவும் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து ஊற்றினான், கொஞ்சம் போனது. பாத்திரம் தேய்க்கும் ஸ்க்ரப்பரால் அழுத்தித் தேய்த்தான், இன்னும் கொஞ்சம் போனது. கடைசியாகப் பாடிக்குப் போடும் பாலிஷை எடுத்துத் தேய்த்தான். ஈரத்தில் எல்லாம் அழகாகத்தான் தெரிந்தது. காய்ந்த பிறகுதான் வினை. அங்கங்கே பளபளப்பு, அங்கங்கே வெளுப்பு, நடுவில் கொஞ்சம் பழைய மேட். தேமல் வந்த முகம் மாதிரி ஆகிவிட்டது வீல்.

இரண்டு வீலையும் மறுபடி பெயின்ட் அடிக்கும் செலவு பையனின் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. தீபாவளிக்கு வீட்டுக்கு அனுப்ப வைத்திருந்த பணம் அது.

அவன் செய்தது சோம்பேறித்தனமா? இல்லவே இல்லை. அன்றைக்கு அந்த ஷெட்டிலேயே அதிகம் உழைத்தவன் அவன்தான். உழைப்புதான் இங்கே தப்பாகிப் போனது!

எப்படி என்று பார்ப்போம். கறுப்பு வீல் இப்போது ஒரு ஃபேஷன். டாடா 2019-ல் ஹாரியருக்கு டார்க் எடிஷன் கொண்டுவந்தது. ஹூண்டாய் 2022-ல் கிரெட்டாவுக்கு நைட் எடிஷன். ஒரகடத்தில் தயாராகும் நிஸான் மேக்னைட்டுக்கு 2023-ல் குரோ எடிஷன் வந்தது (ஜப்பானிய மொழியில் குரோ என்றால் கறுப்பு). இவற்றைப் பார்த்துவிட்டுத் தங்கள் பழைய வெள்ளி நிற வீலை மேட் கறுப்பாக மாற்றிக்கொண்டவர்களும் நிறைய.

பளபளக்கும் பெயின்ட்டின் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி வழவழப்பு. அதனால் வெளிச்சம் ஒரே பக்கமாகத் திரும்பும். மேட் பெயின்ட்டின் பரப்போ கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம். வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும். அந்தச் சிதறல்தான் மேட்! ஆகவே அதைத் தேய்த்தால் மேடுகள் மழுங்கி அந்த இடம் மின்ன ஆரம்பிக்கும். சாதாரண பெயின்ட்டில் பாலிஷ் என்பது வைத்தியம். மேட்டில் பாலிஷ்தான் வியாதி. மழுங்கியதை எந்த கிரீம் போட்டும் திரும்பக் கொண்டுவர முடியாது.

பையனுக்கு இதைச் சொன்னவர் அந்த வீல்களுக்கு மறுபடி பெயின்ட் அடித்த பெரியவர். "தேய்க்கறதுக்கு முன்னாடி பாருடா. எந்த வீல்ல இருக்கு, என்ன கலர்ல இருக்குன்னு பாரு. கறையே சொல்லிடும் அது யாருன்னு."

அவர் சொன்ன கணக்கு இதுதான்.

ஆரஞ்சுப் புள்ளி, அதுவும் முன் வீலில் அதிகம் என்றால் அது பிரேக் தூசு. பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பு. பிரேக் பிடிக்கும்போது தேய்கிற இரும்புத் துகள் சூடாகப் பறந்து பெயின்ட்டில் ஒட்டிக்கொள்ளும், பிறகு துருப்பிடிக்கும். பிரேக் பாரத்தில் பெரும் பங்கு முன் வீலுக்கு. பல கார்களில் பின்னால் டிரம் பிரேக் இருப்பதால் அங்கே தூசு பெரும்பாலும் உள்ளேயே அடங்கிவிடும். இந்தக் கறைக்கு "அயர்ன் ரிமூவர்" என்று தனியாக ஸ்ப்ரே கிடைக்கிறது. அதில் இருப்பது தயோகிளைகோலேட் என்ற ரசாயனம். பியூட்டி பார்லரில் முடியைச் சுருட்டைப் போடுகிற மருந்தும் இதே குடும்பம்தான்! அடித்த சில நிமிடத்தில் இரும்போடு சேர்ந்து ஊதா நிறத்தில் வழியும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். கையுறை அவசியம்.

வெள்ளை வளையம், நாலு வீலிலும் இருக்கிறது என்றால் அது உப்புத் தண்ணீர். போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் கால்சியமும் மெக்னீசியமும் படிந்து நிற்கும். வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து இரண்டு நிமிடம் ஒற்றி வைத்தால் இளகும். உடனே கழுவிவிட வேண்டும். வீலின் உள்பக்கத்தில் ஓரிடத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வெளியே தொட வேண்டும்.

கறுப்பாகப் பிசுபிசுத்தால் தார். தார் ரிமூவரைத் துணியில் எடுத்து ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. எண்ணெய் மினுமினுப்பாகத் தெரிந்தால் அது டயர் பாலிஷ். வண்டி ஓடும்போது டயரிலிருந்து தெறித்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீர் கலந்து மைக்ரோஃபைபர் துணியால் மெல்லத் துடைத்தால் போகும்.

பூஜை சந்தனமும் குங்குமமும் இருந்தால்? காய்வதற்குள் ஷாம்புத் தண்ணீர் போதும். கவலையே வேண்டாம்.

எதுவானாலும் வீல் ஆறியிருக்க வேண்டும், வண்டி நிழலில் நிற்க வேண்டும். முதலில் தண்ணீரை வேகமாக அடித்து மணலைப் போக்க வேண்டும். டிப்பர் லாரிகள் எம்-சாண்ட் சிந்திக்கொண்டே போகிற இந்த ரோட்டில், மணலோடு துணியை வைப்பதும் உப்புத்தாளை வைப்பதும் ஒன்று! பிறகுதான் ஷாம்பு, மென்மையான பிரஷ். ஒரு மருந்தை முழுக்கக் கழுவிவிட்டுத்தான் அடுத்தது. கடைசியில் துணியால் ஈரத்தை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அதே வெள்ளை வளையம் நாளைக்கு மறுபடி வரும்.

ஆசிட்? கிட்டேயே கொண்டுபோகக் கூடாது. பெயின்ட்டில் சின்ன வெட்டு இருந்தாலும் உள்ளே புகுந்து அலுமினியத்தை அரிக்கும்.

சரி, ஏற்கெனவே மழுங்கிவிட்ட வீலுக்கு என்ன வழி? மறுபடி பெயின்ட்தான். டயரைக் கழற்றி, தேய்த்து, பிரைமர், கறுப்பு, மேல் மேட் கிளியர். கெட்ட இடத்தில் மட்டும் அடித்தால் ஒட்டுப் போட்டது தெரியும், வீல் முழுக்க அடிக்க வேண்டும். இதில் பெரியவர் ரொம்பக் கண்டிப்பாக இருக்கும் விஷயம் ஒன்று உண்டு. நட்டு உட்காரும் குழியிலும், வீல் ஹப்போடு ஒட்டும் பின்பக்கத்திலும் பெயின்ட் தடிமனாக ஏறக் கூடாது. அந்தப் பெயின்ட் நாளடைவில் நசுங்கினால் நட்டு தளரும். வீல் அழகாக இருந்து என்ன பிரயோஜனம், ஹைவேயில் கழன்று ஓடினால்? மாட்டிய பிறகு சரியான முறுக்கில் டைட் செய்து, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி ஒரு முறை பார்க்க வேண்டும். பேலன்ஸிங்கும் அவசியம்.

பொங்கலுக்கு முந்தின நாள் அதே ஷெட்டுக்கு இன்னொரு மேட் கறுப்பு வீல் வந்தது. இந்த முறை பையன் பிரஷ்ஷை எடுக்கவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். பின் வீலைப் பார்த்தான், முன் வீலைப் பார்த்தான், குனிந்து விரலால் தடவிப் பார்த்தான். இருபது நிமிடத்தில் ஆரஞ்சுக் கறை ஊதாவாக வழிந்து போனது. ஒரே ஓர் இடத்தில் மட்டும், பிளாட்ஃபாரத்தில் உரசிய கோடு மின்னிக்கொண்டிருந்தது.

"அந்த இடத்துலயும் லேசா பாலிஷ் போட்டு விடுப்பா" என்றார் வண்டிக்காரர்.

"வேணாம் சார். அது அழுக்கு இல்ல, காயம். தேய்ச்சா பெருசாகிடும்."

வண்டிக்காரருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் தலையாட்டிவிட்டுப் பணத்தைக் கொடுத்தார். அந்த மாதம் பையனின் சம்பளத்தில் பிடித்தம் எதுவும் இல்லை.