வெள்ளி ராஜாவின் சமுத்திரம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்கு மூலையில் புளோரிடா மாகாணம் ஒரு விரலைப்போல் கடலுக்குள் நீண்டிருக்கிறது. அந்த விரலின் நுனியிலிருந்து தென்மேற்காக வளைந்து செல்லும் சிறு தீவுகளின் வரிசைக்குக் ‘கீஸ்’ என்று பெயர். ஒரு புறம் அட்லாண்டிக் மகா சமுத்திரம். மறு புறம் மெக்ஸிகோ வளைகுடா. இடையே 42 பாலங்களைக் கடந்து 113 மைல் ஓடுகிறது ஒரே ஒரு ரஸ்தா. அதன்மேல் மோட்டாரில் போகிற தமிழனுக்குப் பாம்பன் பாலம் நினைவுக்கு வராமற் போகாது.

நினைவுக்கு வரக் காரணமும் உண்டு. இந்த ரஸ்தாவுக்கு முன்னால் இங்கே ஓடியது ரயில். ஹென்றி பிளாக்ளர் என்ற கோடீசுவரர் 1905-இல் தொடங்கி 1912-இல் முடித்த கடல் ரயில் பாதை அது. 1914-இல் திறக்கப்பட்ட நம் பாம்பன் பாலத்துக்கு இரண்டு வயது மூத்தது. 1935-ஆம் வருஷம் செப்டம்பர் 2-ந் தேதி வீசிய புயலில் அது அழிந்தது. சனங்களை மீட்க அனுப்பிய ரயிலே தண்டவாளத்திலிருந்து புரட்டித் தள்ளப்பட்டது. 400-க்கு மேற்பட்டவர் மாண்டனர். முதல் உலக யுத்தத்தில் தேசத்துக்காகப் போரிட்டுவிட்டு, வேலையில்லாமல் கூலிக்கு ரஸ்தா போட வந்த பழைய சிப்பாய்கள் அவர்களில் ஏராளம். உயிரைக் கொடுக்கத் துணிந்தவர்களை ஒரு சர்க்கார் கடலோரக் கூடாரங்களில் விட்டுவைத்த கதை அது. 1964-இல் தனுஷ்கோடிக்குப் போன ரயிலை அறிந்த நமக்கு இதை விரித்துச் சொல்லவேண்டியதில்லை.

மிஞ்சிய ரயில் பாலங்களின்மேல் ரஸ்தாவை அமைத்து 1938-இல் திறந்தார்கள். பஹியா ஹோண்டா என்ற இடத்தில் ரயில் பாலத்தின் இரும்புக் கூண்டு மோட்டார்களுக்குப் போதிய அகலமில்லை. ஆகவே கூண்டின் தலைமேல் ரஸ்தாவைப் போட்டார்கள்! இப்போது அதுவும் ஓய்வு பெற்று, நடுவே ஒரு துண்டு அகற்றப்பட்டு, துருப்பிடித்து நிற்கிறது. அதன் நிழலில்தான் என் சிநேகிதர் ஒரு மீனுக்காகக் காத்திருந்தார்.

சிநேகிதர் தஞ்சாவூர் ஜில்லாக்காரர், இன்ஜினீயர், முப்பது வருஷமாக அமெரிக்க வாசம். ஏழு வருஷமாக வைகாசி தவறாமல் இங்கே வருகிறார். எல்லாம் டார்பன் என்ற மீனுக்காக. ‘வெள்ளி ராஜா’ என்பது இவ்வூரார் அதற்கு இட்ட பட்டம். உள்ளங்கை அகலத்துக்குச் செதில். கல் போன்ற வாய். ஐம்பது வருஷத்துக்கு மேலும் வாழக்கூடிய ஆயுள். செவுளால் மூச்சு விடுவது போதாதென்று, நீர்மட்டத்துக்கு வந்து புரண்டு காற்றையும் விழுங்கும். அதனால்தான் லேசில் களைக்காது. இதன் தாயாதியான ஒரு சிறிய இனம் நம் நாட்டுக் கழிமுகங்களிலும் உண்டு. ஆனால் இங்கே 100 ராத்தல் மீன் சர்வ சாதாரணம்.

இதைப் பிடிக்கும் முறைதான் வேடிக்கை. புழுவில்லை, இரையில்லை. முள்ளின்மேல் இறகையும் மயிரையும் கட்டிய ஒரு பொய்ப் பூச்சி. அதற்குக் கனமே கிடையாது. கனமெல்லாம் தூண்டிற் கயிற்றில். ஒன்பது அடிக் கோலை முன்னும் பின்னும் வீச, கயிறு ஆகாயத்தில் சுருள் சுருளாக அவிழ்ந்து, நுனியில் இறகைச் சுமந்து போய் நீரில் வைக்கிறது. அந்தக் கயிற்றுக்கும் பூச்சிக்கும் நடுவே வேண்டுமென்றே ஒரு மெல்லிய இழையைக் கட்டுகிறார்கள். 20 ராத்தல் இழுப்புக்கு மேல் அது தாங்கக் கூடாதென்பது சாதனைப் பந்தயங்களின் சட்டம். இந்த விதிப்படி 200 ராத்தலுக்கு மேற்பட்ட டார்பனை மனிதன் பிடித்தது 2001-இல்தான்; அது 202 ராத்தல் 8 அவுன்ஸ்.

“பலமான கயிறு கடையில் கிடைக்காதா?” என்று கேட்டேன்.

“கிடைக்கும். அப்புறம் மீனுக்கு என்ன வழி?” என்றார் சிநேகிதர்.

எனக்கு இது முழுவதும் சம்மதமாகவில்லை. வயிற்றுக்காக மீன் பிடிக்கும் பரதவனுக்கு ஒரு நியாயம் உண்டு. விளையாட்டுக்காக ஒரு ஜீவனின் வாயில் முள்ளைக் குத்திவிட்டு, பிறகு தடவிக் கொடுத்து அனுப்புவது ஜீவகாருண்யமா? இதையும் கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. முற்காலத்தில் டார்பனைத் துறையில் தலைகீழாகத் தொங்கவிட்டுப் படம் பிடித்துக்கொண்டு, முள் நிறைந்த அதன் மாமிசம் வேண்டாமென்று குப்பையில் எறிவார்களாம். 1917-இல் லாங் கீ என்ற தீவில், நாவலாசிரியர் ஜேன் கிரே தலைமையில் ஏற்பட்ட சங்கம்தான் வீண் கொலை கூடாதென்று சொல்லத் தொடங்கியவற்றுள் ஒன்று. 2013 முதல் மாகாணச் சட்டமே, பிடித்த டார்பனை விட்டுவிட வேண்டும் என்கிறது; சாதனைக்கென்று தனிச் சீட்டு வாங்கினவருக்கு மட்டுமே விலக்கு. 40 அங்குலத்துக்கு மேற்பட்ட மீனை விடுவிக்கும்போது நீரைவிட்டுத் தூக்கவும் கூடாது. “இந்தப் பைத்தியக்காரர்கள் இல்லாவிட்டால் இந்தச் சட்டம் வந்திருக்காது” என்றார். பாதிப் பதில்தான், ஆயினும் பாதி இருக்கிறது.

காலை எட்டரை மணி. படகோட்டி பின்புற மேடையில் நின்று, நீண்ட கோலை ஊன்றிச் சத்தமின்றித் தள்ளிக்கொண்டிருந்தார். தண்ணீர் இடுப்பளவு, கண்ணாடி போலிருந்தது. திடீரென்று, “பதினொரு மணி! எண்பது அடி!” என்று கிசுகிசுத்தார். படகின் முனை பன்னிரண்டு மணியென்று வைத்துத் திசை சொல்லும் பாஷை அது. வெண்மணலின்மேல் ஆறு கரிய மரக்கட்டைகள் மிதந்து வந்தன. கட்டைகளுக்குக் கண் இருந்தது.

சிநேகிதர் வீசினார். இறகு முதல் மீனுக்கு முன் விழுந்தது. அது விலகிப் போயிற்று. இரண்டாவது மீன் கொஞ்சம் மேலெழுந்து, வாளித் திறப்பதுபோல் வாயைத் திறந்து, மூடியது. அவ்வளவுதான்! அடுத்த விநாடி ஆறடி வெள்ளித் தகடு ஆகாயத்தில் நின்று, செவுள்கள் கடகடவென்று அதிரத் தலையை உதறியது. “வணங்கும்! வணங்கும்!” என்று கத்தினார் படகோட்டி. ராஜா துள்ளும்போது கோலைத் தாழ்த்திக் குனிந்து கயிற்றைத் தளர்த்தவேண்டும். இல்லாவிட்டால் மெல்லிழை தெறித்துவிடும். கோயிலிலும் தலை குனியாத என் சிநேகிதர் ஐந்து முறை குனிந்தார்.

நாற்பது நிமிஷம் ராட்டினம் அலறுவதும் நிற்பதுமாக இருந்தது. மீன் எங்களைப் பழைய பாலத்தை நோக்கி ஆழத்துக்கு இழுத்துச் சென்றது. “130 ராத்தல் இருக்கும்” என்றார் படகோட்டி. ஏழு வருஷத்தில் சிநேகிதர் 100 ராத்தலைத் தொட்டதில்லை. மீன் இருபதடி தூரத்தில் பக்கவாட்டில் சாய்ந்தது. இந்த விளையாட்டில் நுனி இழையைக் கையால் தொட்டுவிட்டால் மீன் பிடிபட்டதாகவே கணக்கு.

அப்போது பாலத்தூணின் நிழலிலிருந்து வேறொரு நிழல் பிரிந்தது. எங்கள் படகின் முக்கால் நீளம் இருந்தது. நீரைக் கிழித்த முதுகுச் செதிள் அரிவாளைப்போல் உயர்ந்திருந்தது. நம் கடலோரத்தில் கொம்பன் சுறா என்கிறார்களே, சுத்தியல் தலையுள்ள சுறா, அதுதான். களைத்த டார்பன்களுக்காகவே இந்தப் பாலத்தடியில் அது காத்திருக்குமாம்.

படகோட்டி சிநேகிதரின் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு நிமிஷம் இழுத்தால் இழை கைக்கு வந்துவிடும். அந்த இரண்டு நிமிஷம் மீனுக்கும் போதாது. சிநேகிதர் கோலை நேரே மீனை நோக்கி நீட்டி, ராட்டினத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கயிறு விறைத்தது. ‘டக்’ என்று ஒரு சிறு சத்தம், மெல்லிழை அறுந்தது.

வெள்ளி ஒரு முறை பளிச்சிட்டு ஆழத்தில் மறைந்தது. பின்னாலேயே அரிவாளும் திரும்பிற்று. நாங்கள் மூவரும் வெகு நேரம் நீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். ரத்தம் ஏதும் மேலே வரவில்லை.

“தொட்டிருக்கலாமே, ஓய்!” என்றேன்.

“பாதி மீனைத் தொட்டு என்ன செய்ய?” என்றார் அவர். கை நடுங்கிக்கொண்டிருந்தது. டப்பியைத் திறந்து வேறொரு இறகைத் தேடினார். முடிச்சுப் போட மூன்று தடவை முயன்று, நான்காவது தடவை போட்டார்.