பத்து-பதினொன்னு

சர்வீஸ் விட்டு எடுத்து வந்த நாலாவது நாள், வைப்பர் தண்ணீர் ஊற்றலாம் என்று பானட்டைத் திறந்தேன். பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பானர் படுத்திருந்தது. ஒரு முனையில் 10, மறுமுனையில் 11. மெக்கானிக்குகள் 'பத்து-பதினொன்னு' என்று ஒரே மூச்சில் சொல்லும் சாமான். நாலு நாளாக அது என்னோடு பெங்களூரின் சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்திருக்கிறது, இந்திராநகர் வேகத்தடைகளில் எகிறியிருக்கிறது. பேட்டரியின் இரண்டு முனைகளையும் ஒருசேரத் தொடும்படி சரிந்திருந்தால் பானட்டுக்குள் தீபாவளிதான்.

வண்டியோடு கொடுத்த செக் லிஸ்ட்டை எடுத்துப் பார்த்தேன். எல்லாக் கட்டத்திலும் டிக். ஒரே பேனா, ஒரே சாய்வு. ஒவ்வொன்றாகப் பார்த்துப் போட்ட டிக் இப்படி அணிவகுத்து நிற்காது. பள்ளியில் இம்போசிஷன் எழுதிய எவருக்கும் இது தெரியும்.

ஸ்பானரை எடுத்துக்கொண்டு அல்சூரில் ஒரு பழைய ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். நண்பர் சொல்லி அனுப்பிய இடம். மூன்று கார் நின்றால் நாலாவது தெருவில்தான் நிற்க வேண்டும். நடத்துபவருக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். பையன்களைக் கன்னடத்தில் விரட்டுகிறார், வாடிக்கையாளர்களோடு உருதில் பேரம் பேசுகிறார், கணக்கு மட்டும் தமிழில். ஸ்பானரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தவர், "நல்ல சாமான் சார். எவன் தேடிக்கிட்டிருக்கானோ" என்றார். எனக்கு வந்த கோபம் அவருக்கு வரவில்லை.

அவருடைய சுவரைத்தான் நான் முதலில் பார்த்தேன். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஆணி. ஆணிக்குக் கீழே அந்தக் கருவியின் உருவம் கறுப்புப் பெயிண்டில், நிழல் விழுந்த மாதிரி. அவருடைய அப்பா ஹெச்.ஏ.எல்.லில் ஃபிட்டராக இருந்தவராம். 1940இல் தொடங்கிய அந்த விமானத் தொழிற்சாலையும், அதன் பின்னால் வந்த ஹெச்.எம்.டி., மைக்கோ போன்றவையும் இந்த ஊருக்குள் கொண்டுவந்த தமிழ்க் குடும்பங்களில் ஒன்று இவருடையது. விமானத்துக்குள் ஒரு திருப்புளியை மறந்து வைத்தால் மேலே போய்த் தேட முடியாது. அதனால் விமான வேலையில் கருவிகளுக்கு இப்படி நிழல் வரைந்து வைப்பார்கள், நிழல் காலியாக இருந்தால் விமானம் நகராது. "சாயங்காலம் ஏதாவது நிழல் சும்மா கெடந்தா எந்த வண்டியும் வெளிய போவாது சார். எங்கப்பா சொல்லிக் குடுத்தது இது ஒண்ணுதான்" என்றார்.

வண்டியை ஏற்றிப் பார்க்கச் சொன்னேன். அடியில் கையை விட்டுத் தடவிவிட்டு விரலை என் முன்னால் நீட்டினார். ஆயில். ஆயில் சேம்பரை வடிக்கும் ட்ரெய்ன் போல்ட்டுக்கு அடியில் இருக்கும் வாஷர் பழையதையே போட்டிருந்தார்கள். அந்த வாஷர் ஒருமுறை நசுங்கி அடைப்பதற்காகவே செய்யப்பட்டது. அடுத்த ஆயில் மாற்றத்துக்கு வேறு புதிது போட வேண்டும். சில ரூபாய்ச் சாமான். கசிவதைப் பார்த்து யாரோ காற்றுக் கன்னை வைத்து இன்னும் முடுக்கியிருக்கிறார்கள். சேம்பர் அலுமினியம், போல்ட் இரும்பு. இரண்டுக்கும் சண்டை வந்தால் தோற்பது அலுமினியம். "இன்னும் ரெண்டு சர்வீஸ் இவங்ககிட்டயே போயிருந்தா மரை கழண்டிருக்கும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கில்ல சார், சேம்பருக்கு."

முடுக்குவதைப் பற்றி அவர் சொன்னதை அங்கே நின்றுதான் முதன்முதலாக ஒழுங்காகப் புரிந்துகொண்டேன். போல்ட் என்பது ஆணி மாதிரி சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. முடுக்கும்போது அது மயிரிழை அளவு நீள்கிறது. நீண்டது பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும் இழுவைதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. குறைவாக முடுக்கினால் பிடி இல்லை. அதிகமாக முடுக்கினால் நீண்டது திரும்பாது, மரையும் போகும். அதனால்தான் ஒவ்வொரு போல்ட்டுக்கும் கம்பெனி ஓர் அளவு சொல்கிறது. சின்னக் காரின் வீல் நட்டுக்குச் சுமார் 100 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் பத்துக் கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்கு அது. ட்ரெய்ன் போல்ட்டுக்குப் பல கார்களில் அதில் பாதிகூட வேண்டாம். டார்க் ரெஞ்ச்சில் அளவை வைத்துத் திருகினால் சரியான இடத்தில் 'டக்' என்று அதுவே சொல்லிவிடும். கன் எதையும் சொல்லாது, அடித்துக்கொண்டே இருக்கும்.

என் வண்டியின் வீல் நட்டுகள் ஒவ்வொன்றிலும் மஞ்சள் பெயிண்டில் ஒரு புள்ளி இருந்தது. முடுக்கியாயிற்று, சோதித்தாயிற்று என்பதற்கு அடையாளம். அவர் ரெஞ்ச்சை எடுத்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். பின்பக்க இடது சக்கரத்தில் ஒரு நட்டு அரைச் சுற்றுப் போன பிறகுதான் 'டக்' என்றது.

"பொட்டு வச்சா கல்யாணம் ஆயிடுமா சார்?"

அடையாளம் வைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறதாம். நட்டிலிருந்து சக்கரம் வரை ஒரே கோடாக இழுக்க வேண்டும். நட்டு தளர்ந்தால் கோடு உடையும், யாரும் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். நட்டின் தலையில் மட்டும் வைத்த புள்ளி, நட்டோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும்.

சிறிய பட்டறைகளெல்லாம் புனிதம் என்று சொல்ல வரவில்லை. ஜே.சி. ரோட்டில் வாங்கிய டூப்ளிகேட் பிரேக் பேடை ஒரிஜினல் என்று மாட்டிவிடுபவர்களிடம் நானும் ஏமாந்திருக்கிறேன். இவரே ஒன்றை ஒப்புக்கொண்டார். முப்பது வருஷத்துக்கு முன், பழைய ஆயிலை இறக்கிவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து, புதிது ஊற்றாமலே ஒரு ஃபியட்டை ஸ்டார்ட் செய்துவிட்டார். இன்ஜின் பிடித்துக்கொண்டது. சொந்தக் காசில் பிரித்துக் கட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து, போல்ட்டைக் கழற்றியதும் வண்டிச் சாவி ஆயில் புனலுக்குள் போய்விடும். புனலை எடுக்காமல் சாவி இல்லை, சாவி இல்லாமல் ஸ்டார்ட் இல்லை. நான் நின்ற நேரத்திலேயே ஒரு புனலுக்குள் பிள்ளையார் தொங்கும் சாவிக்கொத்தைப் பார்த்தேன்.

பிறகு ஏன் எல்லோரும் கம்பெனி சர்வீஸ் சென்டரின் கண்ணாடிக் கட்டடத்துக்கே போகிறோம்? 'வெளியே விட்டா வாரண்டி போயிடும்' என்ற பயம். உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் தகவல்களையும் வெளியே விடாமல் சந்தையைக் கட்டிவைத்ததாகச் சொல்லி, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அது மேல்முறையீடுகளில் இழுபட்டது. பயம் அப்படியே இருக்கிறது.

மறுவாரம் ஸ்பானரோடு அந்த சர்வீஸ் சென்டருக்குப் போனேன். மேலே ஏசி, காபி மெஷின், கண்ணாடிக்கு அப்பால் நம் வண்டி. என் புகாரை அன்றைக்குக் கேட்டு எழுதியவர் டை கட்டிய அட்வைசர். அவர் இன்ஜினைத் தொடுவதில்லை. ஏசி சுத்தம், அடிப்பக்கக் கோட்டிங் என்று எவ்வளவு கூடுதலாக விற்கிறார் என்பதில்தான் அவர் கண். வண்டியைத் தொடுபவனுக்கோ நான் சொன்னது ஒரு வார்த்தையும் போய்ச் சேராது. ஜாப் கார்டில் இருக்கும் மூன்று வரி மட்டும்தான் போகும். அல்சூரில் கேட்ட காதும் திருகிய கையும் ஒரே ஆளுடையவை. இங்கே இரண்டுக்கும் நடுவில் ஒரு மாடிப்படி இருக்கிறது.

'கஸ்டமர் நாட் அலவ்ட்' பலகையைத் தாண்டி, பின்பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்த பையன்களிடம் காட்டினேன். ஒருவன் சட்டென்று எழுந்து வந்தான். கிருஷ்ணகிரிப் பக்கம், ஐ.டி.ஐ. முடித்து இங்கே பயிற்சியில் இருக்கிறான். ஸ்பானரின் கழுத்தில் அரத்தால் போட்ட சின்ன வெட்டைத் தடவிப் பார்த்தான்.

"என்னுதுதான் சார். அன்னிக்கி நைட்டு மூணு வண்டியில தேடினேன். உங்களுது டெலிவரி ஆயிடுச்சு போல."

"ஃபோன் பண்ணியிருக்கலாமே தம்பி?"

"யாரு பண்ணுவாங்க சார்? டிராலியில சாமான் கணக்கு குறைஞ்சா சம்பளத்துல பிடிப்பாங்கன்னு, மறுநாளே ஜே.சி. ரோடு போயி ஒண்ணு வாங்கி வச்சிட்டேன். கணக்கு சரியாயிடுச்சு."

அந்த மஞ்சள் பொட்டைப் பற்றியும் கேட்டேன். அது அவன் வேலை இல்லையாம், கடைசியில் வேறொருவர் வைத்துக்கொண்டு போவாராம். மைக்கில் ஒரு வண்டி நம்பரைக் கூப்பிட்டார்கள். டீயை ஒரே மடக்கில் முடித்து, ஸ்பானரைப் பேண்ட் பாக்கெட்டில் செருகிக்கொண்டு ஓடியவன், பாதியில் திரும்பினான்.

"மேல சொல்லிடாதீங்க சார். உங்க வண்டி எது?"

"வெள்ளை."

சிரித்துவிட்டான். "எல்லாமே வெள்ளைதான் சார்."