தண்ணீர் எங்கே போகும்?

மர்பி டவுன் வீட்டின் முன்னால் எங்களுக்குப் பத்தடி மண் தரை இருந்தது. அதில் ஒரு முருங்கை மரம். மழை வந்தால் சேறு, மழை விட்டால் கம்பளிப்பூச்சி. மரத்தை வெட்டி, சிமென்ட் தளம் போட்டேன். “தண்ணி எங்கடா போகும்?” என்று கேட்டார் அப்பா. வாழ்நாள் முழுக்கக் கொத்தனார் வேலை பார்த்தவர். நான் பதில் சொல்லவில்லை.

2022 செப்டம்பர் மழை பதில் சொன்னது. நள்ளிரவில் கட்டிலுக்கு அடியில் தண்ணீர். அதைக் கேட்க அப்பா இல்லை.

அன்று நனையாமல் தப்பிய புத்தகங்களில் ஒன்று லாவோ ட்சுவின் ‘தாவோ தே ஜிங்’. 81 சிறு அத்தியாயங்கள். அவருக்கு நீர்தான் ஆசான். எல்லாவற்றையும் வாழவைக்கும், யாரோடும் போட்டியிடாது, பிறர் ஒதுக்கும் பள்ளத்தில் போய்த் தங்கும். அவர் சொல்லும் ‘வூ-வெய்’யைச் சும்மா இருப்பது என்றே நினைத்திருந்தேன். இயல்பை மீறி வலிந்து செய்யாதே என்பதுதான் பொருள்.

சீனாவின் துஜியாங்யான் இதற்கு நல்ல உதாரணம். கி.மு. 256 வாக்கில் மின் ஆற்றை லீ பிங் அணை கட்டி மறிக்கவில்லை. நடுவில் மீன் வாய் போல ஒரு கரை எழுப்பி இரண்டாகப் பிரித்தார். வறட்சியில் ஆழமான உள் கால்வாய்க்கு அதிக நீர். வெள்ளத்தில் அகலமான வெளி ஆற்றுக்கு அதிக நீர். லீ பிங் துறவியல்ல, அரசு அதிகாரி. ஆனாலும் ஆற்றின் குணமறிந்து வேலை செய்தார். அந்தப் பாசனம் இன்றும் நடக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? எங்களுக்குப் பக்கத்திலேயே அல்சூர் ஏரி. பெரிய ஆறு இல்லாத ஊரில், மேட்டிலிருந்து ஓடிவரும் மழைநீரைப் பள்ளத்தில் நிறுத்தி, ஒன்று நிரம்பினால் அடுத்ததற்கு அனுப்பினார்கள் பழைய பெங்களூர்க்காரர்கள். வழிந்தோடும் வாய்க்கால்களில் நாம் சாக்கடையைக் கலந்தோம். 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. காவிரியோ சுமார் 100 கி.மீ. தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு வருகிறது. 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தார்கள் நகரவாசிகள். ஏரிகளின் ஊரில்!

அந்தக் கோடையில் ஆள் வைத்துத் தளத்தில் பாதியை உடைத்தேன். “காசு கொடுத்துப் போட்டதைக் காசு கொடுத்து உடைக்கிறீங்களே சார்” என்று சிரித்தார் வேலைக்காரர். அப்பாவின் பழைய கரணை பரணில் கிடந்தது. அதை எடுத்து மண்ணைக் கிளறி, ஒரு முருங்கைக் கொம்பை நட்டேன்.

முதல் மழையில் வாசலில் நின்று பார்த்தேன். தண்ணீர் சற்றுத் தேங்கியது. பிறகு மெல்ல உள்ளே இறங்கியது. அப்பாவுக்குச் சொல்லவேண்டிய பதில் அதுதான். சொல்லத்தான் ஆளில்லை. கம்பளிப்பூச்சி வந்தால் வரட்டும்.