தாருக்கு அடியில் ஒரு தடம்

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஹீட்டன் பூங்கா என்றொரு பெரும் பூங்கா உண்டு. வில்ட்டன் பிரபுவின் குடும்பச் சொத்தாயிருந்த அந்நிலத்தை 1902ஆம் ஆண்டு நகராட்சி விலைக்கு வாங்கிப் பொதுமக்களுக்கு உரியதாக்கியது. விடுமுறை நாள்களில் மக்கள் டிராம் வண்டிகளில் திரளாக வந்தனர். அவர்களை வாயிலுக்கு உள்ளேயே இறக்கிவிட ஒரு கிளைத்தடமும் அமைக்கப்பட்டது.

பின்னர்ப் பேருந்துகள் பெருகின. 1930களில் அத்தடம் பயனற்றுப்போயிற்று. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுக்காமல் அதன்மேல் தார் இட்டு மூடிவிட்டனர். 1949 ஜனவரி 10 அன்று நகரின் கடைசி டிராமும் ஓய்ந்தது. தெருக்களில் இருந்த தடங்கள் பெயர்க்கப்பட்டன, வண்டிகள் உடைக்கப்பட்டன. பூங்காவுக்குள் மூடப்பட்ட தடமோ அப்படியே கிடந்தது. வேண்டாமென்று இட்ட தாரே அதற்குக் காவலாயிற்று.

வண்டியொன்றும் அவ்வாறே பிழைத்தது. 765 என்னும் எண்ணுடைய அவ்வண்டி 1914ஆம் ஆண்டு கட்டப்பட்டது. தாழ்வான பாலங்களின்கீழ் செல்லவேண்டிய வழித்தடத்துக்கென அமைந்ததால் அதற்கு மாடி இல்லை. நடுவில் மூடிய அறை. இரு முனைகளிலும் காற்றோட்டமான திறந்த இருக்கைகள். பணி முடிந்தபின் அது எங்கோ போய்ச் சேர்ந்தது. 1960ஆம் ஆண்டு ஹடர்ஸ்ஃபீல்டு அருகே ஒரு பண்ணையில் அதன் உடற்பகுதியை ஆர்வலர்கள் கண்டெடுத்தனர். ஊதியம் பெறாத அவர்கள் ஓய்வுநேரங்களில் பல்லாண்டுகள் உழைத்து அதனை மீட்டுருவாக்கினர். பூங்காவில் தாரைப் பெயர்த்துப் பார்த்தபோது பழைய தண்டவாளம் வெளிப்பட்டது. 1980ஆம் ஆண்டு அதன்மேல் மீண்டும் டிராம் ஓடியது.

ஓடும் வண்டி தேயும், பழுதுபடும். கண்ணாடிக் கூடத்துள் நிறுத்தி வைத்திருந்தால் அது நெடுங்காலம் நிலைக்கும் என வாதிடுவோர் உளர். அவ்வாதம் பொய்யன்று. ஆயினும், நிற்கும் டிராமில் மணியோசை இல்லை. சக்கரத்தின் அதிர்வு இல்லை. தட எல்லையில் கூரைமேலுள்ள நெடுங்கோலை இழுத்து மறுதிசைக்குத் திருப்பும் நடத்துநரும் இல்லை. தேய்மானத்தை அறிந்தே தொண்டர்கள் வண்டியை ஓட்டுகின்றனர். பழுது நேர்ந்தால் தாமே செப்பனிடுகின்றனர்.

1992ஆம் ஆண்டு மான்செஸ்டர் தெருக்களுக்குப் புதிய டிராம்கள் வந்தன. அவற்றுக்கு ஹீட்டன் பூங்கா அருகிலும் ஒரு நிலையம் உண்டு. புதிய வண்டியில் வந்திறங்கும் சிலர், பழைய வண்டியில் ஏறுவதற்காகப் பூங்காவுக்குள் நடக்கின்றனர்.