சங்கிலி தொய்ந்திருந்தது

இலக்கணமும் பள்ளிச் செய்திகளும் எழுதிவரும் இப்பக்கத்தில் மிதிவண்டியைப் பற்றி எழுத நேருமென்று நான் எண்ணியதில்லை. எழுத வேண்டியதாயிற்று.

என் தம்பி மகன் படிவம் 5 முடித்தவன். பள்ளி விடுமுறையில், சேர்த்து வைத்த பணத்தில் பழைய 'பிக்சி' ஒன்றை வாங்கி வந்தான். சாதாரண மிதிவண்டியில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தானே உருளும். பிக்சியில் பின் பற்சக்கரம் சக்கரத்தோடு இறுகப் பிணைந்திருப்பதால், சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும். வேகத்தைக் குறைக்கக் கால்களால் பெடலை எதிர்த்து அழுத்த வேண்டும். அவன் வாங்கிய வண்டியில் பிரேக் ஒன்றுகூட இல்லை.

"பெரியப்பா, இதுக்குப் பிரேக் வேணாம். காலே பிரேக்தான். அசிசுல்ஹஸ்னி வண்டியில பிரேக் இருக்கா?" என்றான்.

எனக்கு விடை தெரியவில்லை. அசிசுல்ஹஸ்னி அவாங் 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும், 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளியும் நமக்கு வென்று தந்தவர்; 2017இல் கெய்ரின் போட்டியின் உலக வெற்றியாளர். அவர் ஓட்டுவதும் பிரேக் இல்லாத வண்டிதான். ஆனால் நீலாயில் உள்ளதைப் போன்ற வெலோட்ரோமில் எல்லாரும் ஒரே திசையில் செல்கின்றனர். குறுக்கே பேருந்து வருவதில்லை. பங்சாரின் ஜாலான் மாரோப் வெலோட்ரோம் அன்று. இதை அன்றே சொல்லியிருக்கலாம்.

சொல்லாத இன்னொன்றும் உண்டு. வண்டியைச் சுற்றிப் பார்த்தபோது சங்கிலி தொய்ந்து தொங்குவதைக் கண்டேன். நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். (பங்சாரும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம்தான். பங்கே, கிரிசார் என்ற இரு பெயர்கள் சேர்ந்தே பங்சார் ஆயிற்று என்பர்.) அப்பாவின் மிதிவண்டியில் சங்கிலி கழன்றால் கையெல்லாம் கரியாக நான்தான் மாட்டித் தருவேன். அதனால் ஓர் ஆபத்தும் வந்ததில்லை. முன்னும் பின்னும் பிரேக் இருந்தன. அந்த நினைவில், பையனின் மகிழ்ச்சியைக் கெடுப்பானேன் என்று வாயை மூடிக்கொண்டேன். பிக்சியில் சங்கிலிதான் பிரேக் என்பது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் மாலை, ஜாலான் மாரோப் இறக்கத்தில் சங்கிலி முன் பற்சக்கரத்திலிருந்து கழன்றது. கால்கள் வெறும் காற்றை மிதித்தன. காலணியைத் தரையில் தேய்த்துப் பார்த்திருக்கிறான். முன்னே கார்கள் நின்றுகொண்டிருந்தன. புல்லோரம் திருப்பிக் கால்வாய் விளிம்பில் மோதி விழுந்தான். இடது மணிக்கட்டு முறிந்தது. மருத்துவமனைக்குச் செல்லும் வழியெல்லாம், 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் மாற்றியமைத்த மிதிவண்டிகளில் சென்று கார் மோதி மாண்ட 8 சிறுவர்களே என் கண்முன் நின்றனர்.

வண்டியைப் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு சீனப் பெரியவரின் கடைக்குக் கொண்டு சென்றேன். பார்த்தவுடன் "ரந்தாய் லோங்கார்" என்றார். சங்கிலி தளர்வாம்; எனக்குத் தெரியாததா? பெடலை மெல்லச் சுற்றிக் காட்டினார். பற்சக்கரம் முழு வட்டமாக இராததால் ஒரே சுற்றில் இறுக்கம் கூடிக் குறையும். மிக இறுகும் இடத்தில் சங்கிலியின் நடுப்பகுதி மேலும் கீழுமாக ஏறத்தாழ அரை அங்குலம் அசைந்தால் போதும். எங்கள் வண்டியில் அது இரண்டு விரல் அகலத்துக்கும் மேல் ஆடியது. அச்சின் நட்டும் ஒரு பக்கம் தளர்ந்து, சக்கரம் சற்றே முன்னோக்கி நகர்ந்திருந்தது. கழன்ற சங்கிலி பின்சக்கரத்தில் சிக்கியிருந்தால் சக்கரம் இறுகி அவனைச் சாலை நடுவில் எறிந்திருக்கும் என்றார்.

தேய்மானத்தை அளக்க என் பையிலிருந்த பள்ளி அளவுகோலே உதவியது. ஒவ்வோர் இணைப்பும் அரை அங்குலம்; எனவே 24 இணைப்புகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடினாலே சங்கிலியை மாற்ற வேண்டும். எங்களுடையது எட்டில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டது, பற்சக்கரங்களும் தேய்ந்திருந்தன. புதுச் சங்கிலியைப் பூட்டியபோது, இணைப்புக் கவ்வியின் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும் என்றார். சக்கரம் சுழலும்போது துணியால் சங்கிலியைத் துடைக்கவே கூடாதாம். துணி சிக்கினால் பிக்சி நிற்காது, விரலையும் இழுத்துக்கொள்ளும்.

முன் பிரேக் ஒன்றும் பொருத்தச் சொன்னேன். பிரிட்டனில் சாலையில் ஓடும் பிக்சிக்கு முன் பிரேக் கட்டாயம். 2016இல் இலண்டனில் அஃது இல்லாத பந்தய வண்டி மோதி ஒரு பெண்மணி இறந்தார். ஓட்டிய இளைஞருக்கு மறு ஆண்டு 18 மாதத் தண்டனை கிடைத்தது.

பையனுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. பிரேக் பொருத்தியதில் அவனுக்குச் சிறு வருத்தம், அழகு போய்விட்டதாம்.

அன்று மருத்துவமனையில் தம்பி மனைவி என்னிடம், "நேத்து நீங்க பாத்தீங்கல்ல மாமா, வண்டி நல்லாத்தான இருந்துச்சு?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் இப்பக்கத்தைத் தவறாமல் படிப்பவர். சங்கிலி தொய்ந்திருந்ததை நான் பார்த்தேன் அம்மா.