பம்பர் போடலாமா?

பிக்கப் வாங்கும் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது கேட்கிற கேள்வி இது. முன்னால் இரும்புக் கம்பி பம்பர் போட்டுவிட்டால், மாடு குறுக்கே வந்தாலும் பன்றி வந்தாலும் வண்டி தப்பிக்குமா? பழைய பிக்கப் ஒன்றை வாங்கிய கையோடு எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தது. வெல்டிங் பட்டறையில் விலை கேட்டு வந்த பையன், "யானை முட்டினாலும் அசையாதுன்னு சொல்றாங்கப்பா" என்றான். பண்ணாரிப் பக்கம் யானையை நேரில் பார்த்த யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

அவன் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. சத்தியமங்கலம் வட்டாரத்தில் மல்லிகை வைத்திருப்பவர்களுக்கு ராத்திரியும் பகல்தான். விடியும் முன்பே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு பூப்பறிப்பு ஆரம்பித்துவிடும். காலையில் பூ மார்க்கெட் போய்ச் சேர்ந்தாக வேண்டும், தாமதித்தால் விலை போய்விடும். ஆக, இருட்டில் வண்டி ஓட்டாமல் முடியாது. அந்த நேரத்தில்தான் காட்டுப்பன்றி கூட்டமாகச் சாலையைக் கடக்கும். மான் வரும், மயில் இறங்கும். மழைக்காலம் என்றால் மாடுகள் ஈர மண்ணை விட்டுவிட்டுத் தார் ரோட்டில் வந்து படுத்து அசைபோடும்.

எங்கள் பங்காளி ஒருவர் வண்டியில் கனமான பம்பர் போட்டிருந்தார். ஒரு ராத்திரி பன்றி ஒன்று வந்து மோதியது. பம்பரில் கீறல்கூட இல்லை. பம்பர் இல்லாமல் இருந்திருந்தால் கிரில், ஒரு பக்க ஹெட்லைட், ஒருவேளை ரேடியேட்டரும் போயிருக்கும். அது உண்மை, மறுக்கவில்லை. நாய், ஆடு, பன்றி அளவுக்கு அந்தக் கம்பி வேலை செய்கிறது. அன்றிலிருந்து அவர் பம்பருக்கு வக்கீல் ஆகிவிட்டார்.

அதே வண்டி அடுத்த வருஷம் ஒரு கலப்பினப் பசுவின் மேல் மோதியது. பெரிய பன்றி நூறு கிலோ இருக்கும். கறவை மாடு என்றால் முந்நூற்று ஐம்பது, நானூறு கிலோ. பம்பர் பின்னால் மடங்கி ரேடியேட்டருக்குள் போய்விட்டது. அதைவிடப் பெரிய நஷ்டம், பம்பரைத் தாங்குகிற போல்ட் சேசிஸில் மாட்டியிருந்ததால் சேசிஸின் முன் முனையே வளைந்ததுதான். வெறும் கிரில்லும் பானட்டும் நசுங்கியிருந்தால் டிங்கரிங் பட்டறையோடு முடிந்திருக்கும். சேசிஸை நிமிர்த்த வண்டி மூன்று வாரம் நின்றது. பூ சீசனில் வாடகை வண்டி வைத்து ஓட்டினார். மாடு அங்கேயே செத்துவிட்டது. பக்கத்து ஊரில் கணவனை இழந்த ஒரு அம்மாவின் மாடு அது. சொசைட்டிக்கு ஊற்றும் பால்தான் அவருக்கு வருமானம். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து ஒரு தொகை பேசினார்கள். அதை வைத்து அதே மாதிரி கறவை வாங்க முடியாது என்பது பேசியவர்களுக்கும் தெரியும்.

"பம்பர் இல்லைன்னா நான் இன்னிக்கு இல்லைங்ண்ணா" என்றுதான் பங்காளி இன்னும் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வண்டியின் முன்பகுதி நசுங்குவதற்கென்றே அமைந்த பகுதி. அது நசுங்க நசுங்க அடியின் வேகம் குறைந்து உள்ளே இருப்பவருக்கு வந்து சேரும். விறைப்பான கம்பியை நேராகச் சேசிஸில் முடுக்கிவிட்டால் அந்த அதிர்ச்சி குறையாமல் உள்ளே வரும். ஏர்பேக் உள்ள வண்டியில் அடியை உணர்கிற கருவியும் குழம்பி, பை விரிய வேண்டிய நேரத்தில் விரியாமல் போகலாம்.

பையன் ஆஸ்திரேலியா வீடியோ காட்டினான். அங்கே கங்காருவுக்காகப் பம்பர் போடுகிறார்கள், சரி. அங்கே சில சாலைகளில் ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். ரேடியேட்டர் உடைந்து வெயிலில் நின்றால் உயிருக்கே ஆபத்து. ஏர்பேக் வேலையைக் கெடுக்காத மாதிரி, அந்தந்த வண்டி மாடலுக்கென்றே செய்த பம்பரும் அங்கே கிடைக்கிறது. நமக்கு ஐந்து கிலோமீட்டரில் மெக்கானிக் இருக்கிறார். நம் பம்பர் பட்டறையில் குழாயை வளைத்து ஒட்டியது.

என்னைத் தடுத்தது வேறு விஷயம். அந்த நேரத்தில் எங்கள் ரோட்டில் வருவது பன்றி மட்டுமா? பூப்பறிக்கிற பெண்கள் நடந்து வருகிறார்கள். பால்காரர் எக்செல்லில் கேன் கட்டி வருகிறார். பிளாஸ்டிக் பம்பரும் தகர பானட்டும் கொஞ்சமாவது உள்வாங்கும், இரும்புக் குழாய் உள்வாங்காது. பிக்கப் பம்பரின் மேல் கம்பி ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்கு நிற்கிறது. போய் நின்று பாருங்கள். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இந்த பம்பர்களை அகற்ற நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி இது அனுமதியில்லாத மாற்றம். அபராதம் ஒரு பக்கம். விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேட்கும்போது இதைச் சாக்காக்கி இழுத்தடிக்கவும் இடம் இருக்கிறது.

அப்படியானால் வண்டியை எது காப்பாற்றும்? ஒரு ராத்திரி எங்கள் எருமையைத் தோட்டத்துப் பாதையில் கட்டிவிட்டு, டிம் லைட்டில் எவ்வளவு தூரத்தில் தெரிகிறது என்று பார்த்தோம். நாற்பது மீட்டருக்கு அந்தப் பக்கம் வெறும் இருட்டு. அறுபதில் போகும் வண்டி, நாம் பார்த்து பிரேக்கை மிதிக்கும் ஒன்றரை விநாடிக்குள் 25 மீட்டர் போய்விடும். பிறகு நிற்க இன்னும் 20, 25 மீட்டர். லோடு இருந்தால், ரோடு ஈரமாக இருந்தால் இன்னும் அதிகம். நாற்பதில் போனால் மொத்தமே 27 மீட்டர் போலத்தான். எருமை தப்பிக்கும், நாமும் தப்பிப்போம். அப்படியும் மோதிவிட்டால், அறுபதில் விழும் அடி நாற்பதில் விழுவதைப் போல இரண்டேகால் மடங்கு. தோட்டத்திலிருந்து மார்க்கெட் 18 கிலோமீட்டர். நாற்பதில் போனால் ஒன்பது நிமிஷம் கூடுதல். ஒன்பது நிமிஷம் முன்னால் பறிப்பை முடிக்கச் சொன்னால் போதும்.

காட்டு விலங்கு மோதிச் செத்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். கறி எடுக்க நினைப்பது 1972 வன உயிரினச் சட்டப்படி குற்றம். வண்டிக்கு தேர்டு பார்ட்டி மட்டும் இருந்தால் மாடு மோதிய செலவு நம் தலையில்தான். முழு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பாலிசியை எடுத்துப் பாருங்கள். மாட்டுக்கும் இன்சூரன்ஸ் எடுங்கள், காது வில்லை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாவின் மாட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்திருந்தால் ஊர்ப் பெரியவர்களுக்கு அன்றைக்கு வேலை இருந்திருக்காது.

பம்பருக்கு வைத்திருந்த பணத்தில் மஞ்சளடித்துப் போயிருந்த ஹெட்லைட் கண்ணாடி இரண்டையும் மாற்றினோம். மீதியில் பையன் ஒளி பட்டால் மின்னுகிற ரேடியம் டேப் ஒரு ரோல் வாங்கி வந்து, எங்கள் மாடுகளின் கழுத்துக் கயிற்றிலும் பக்கத்துத் தோட்டத்து மாடுகளுக்கும் சுற்றிவிட்டான். பூப்பறிக்க வருகிறவர்களின் கூடையிலும் ஒரு துண்டு ஒட்டிக் கொடுத்தோம். எருமைக்குக் கட்டியது மட்டும் நிற்கவில்லை. வேப்பமரத்தில் தேய்த்து இரண்டே நாளில் உரித்துவிட்டது. கறுப்பு எருமைதான் இருட்டில் தெரியாது, அதற்குத்தான் டேப்பும் ஒட்டவில்லை. வேறு வழி கண்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.